செல்லாதவை

சாஸ்கட்சுவானின் வடகிழக்கில்
கார்வன் ஏரித் தொகுதி என்று ஒன்று இருந்தது.
போன மாதம் இல்லாமல் போயிற்று.
வரைபடத்தில் யாரோ ஒரு கோட்டை
ஆற்றுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.
பெட்டிகளை மூடி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது.
நான் அதன் கடைசித் தேர்தல் அலுவலர்.
மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.

முதல் பதிவேட்டில் மை பழுத்துவிட்டது.
1908: ஹால்க்ரிமுர் பியார்னசன், போட்டியின்றி.
எதிர்த்து நிற்க வந்தவரின் குதிரை
சேற்றில் காலை ஒடித்துக்கொண்டது.
மனு கொடுக்க நாற்பது நிமிடத் தாமதம்.
அந்த நாற்பது நிமிடத்தை வைத்துக்கொண்டு
பியார்னசன் பதிமூன்று வருடம் ஓட்டினார்.

1917: பெண்களின் பட்டியல்
தனித்தாளில், குண்டூசி குத்தி.
ஒக்சானா ப்ரிஸ்டூபா, ‘எழுத்தறிவு இல்லை.’
அவள் மூன்று மொழி வாசிப்பாள்;
அலுவலருக்குத் தெரியாத மூன்று.

பிறகு ஒரு நீண்ட வரிசை வென்றவர்கள்.
மருந்துக்கடைக்காரர், பால்பண்ணைக்காரர்,
இரண்டு வக்கீல்கள், ஒரு பாதிரியார்,
மறுபடியும் அந்த மருந்துக்கடைக்காரர்.
பெயர்களை என்னால் மனப்பாடமாகச் சொல்ல முடியும்.
அதனால் யாருக்கும் ஒன்றுமில்லை.

1952-இல் சமநிலை.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து நாலு, இந்தப் பக்கம்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து நாலு, அந்தப் பக்கம்.
மூன்று முறை எண்ணினார்கள். விளக்கில் எண்ணெய் தீர்ந்தது.
அப்போது அலுவலர் மர்டோ கில்லிஸ்.
அவர் வாக்குப் போட்டு முடிவு கட்டவேண்டும் என்றது சட்டம்.
வேட்பாளரில் ஒருவர் அவர் அக்காள் புருஷன்.
பதிவேட்டில் மர்டோ எழுதியது ஒரே வரி:
‘கட்டாயத்தின் பேரில் அளிக்கப்பட்டது.’
அடுத்த ஞாயிறு முதல்
அக்காள் வீட்டில் அவருக்குத் தேநீர் இல்லை.

1964. எஸ்தர் நைட்டிராவெலர்,
பிர்ச் முனை ரிசர்விலிருந்து முப்பது மைல்.
பட்டியலில் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள்.
திருத்தினால்தான் நகர்வேன் என்று நின்றாள்.
வரிசை கதவைத் தாண்டி டிராக்டர்கள் வரை நீண்டது.
‘ஒருவரும் முணுமுணுக்கவில்லை’ என்றிருக்கிறது குறிப்பு.
நான் அதை நம்பவில்லை.
ஆனால் அடித்தல் இருக்கிறது,
அதன் மேலே புது மையில் சரியான எழுத்துகள்.

ரயில் நின்றது. தானியக் கிடங்குகள் விழுந்தன.
முப்பத்தொரு சாவடிகள் ஒன்பதாயின.
பதினேழாம் எண் சாவடியில் கடைசியாக ஏழு பேர்,
ஏழு வாக்கும் ஒரே ஆளுக்கு.
ரகசியம் என்று அங்கே என்ன மிச்சம்?

நான் திரும்பத் திரும்பப் போவது
கடைசிப் பத்தியின் சின்ன எண்களிடம்.
‘செல்லாதவை.’
பன்னிரண்டு. ஒன்பது. பதினாறு.
ஒருவர் தன் கடன்தொகையை எழுதியிருக்கிறார்.
ஒருவர் இரண்டு பேருக்கும் குறி போட்டு
‘அடித்துக்கொள்ளாதீர்கள்’ என்று.
யாரோ ஒரு வாத்து வரைந்திருக்கிறார்கள், நல்ல வாத்து.

1934, ஜூன். புழுதிக் காற்று.
பகலில் விளக்கேற்றி வாக்களித்தார்கள்.
வென்றவர் முப்பத்தெட்டு வாக்கில் வென்றார்.
செல்லாதவை நாற்பத்தொன்று.
ஆறு சாவடிகளில், பேசி வைத்துக்கொள்ளாமல்,
ஆங்கிலத்தில், உக்ரைனியத்தில், பிரெஞ்சில்,
பெயர்களுக்குக் கீழே தாமே ஒரு கட்டம் போட்டு
மழை என்று எழுதிக் குறியிட்டிருந்தார்கள்.
அலுவலர் விதிப்படி குறித்துவைத்தார்:
‘இப்பெயரில் வேட்பாளர் எவரும் இல்லை.’

அனுப்புவதற்கு முன் இன்று அந்தப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
மூலையிலிருந்து ஒரு சிட்டிகை மண்.
படிவம் ஒவ்வொன்றுக்கும் கேட்கிறது:
இது இனி எந்தத் தொகுதி?
பேருந்துக்கு நேரமாகிவிட்டது.
மண்ணைப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடினேன்.