ஏழாவது ரீல், படிக்கட்டு

படத்தில் அவனுக்கு முகம் கிடையாது.
கோட்டின் ஓரம், கையுறை, பிறகு காலணி.
காலணிக்குள் இருந்தவர் டெக்ஸ்டர் ஹோல்ம்,
ஆறடி இரண்டங்குலம்,
நடந்தால் பூனை.
படமெடுக்கும்போது சத்தம் வேண்டாமென்று
அடியில் ரப்பர் ஒட்டியிருந்தார்கள்.

சத்தம் என் வேலை.

பர்பாங்க், மூன்றாம் எண் கொட்டகை, ஆகஸ்ட்.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
(அதன் மூச்சுகூட மைக்கில் விழும்)
ஆண்கள் காலணி, அளவு பன்னிரண்டு,
விரல்பக்கம் செய்தித்தாள் திணித்து
நான் நடந்தேன்.
திரையில் அவன் கால் பதியும்போது
இங்கே என் கால் பதிய வேண்டும்.
இம்மி பிந்தினாலும்
கொலைகாரன் குடிகாரன் ஆகிவிடுவான்.

ஆர்மண்ட் ப்ரீச்சுக்குப் பிடிக்கவில்லை.
"இது தபால்காரன்" என்றார்.
மணல் தூவினேன். "கடற்கரை."
வாதுமை ஓடு பரப்பினேன். "அணிலா?"
சோளமாவு மூட்டையை மிதித்தேன்,
போன படத்தில் அதுதான் பனி.
அதற்குப் பதிலே இல்லை.
"வீட்டை விலைபேச வந்தவன்
படியேறுகிற மாதிரி வேண்டும், ஹெட்டி."
இயக்குநர்கள் இப்படி எதையாவது சொல்லிவிட்டுச்
சாப்பிடப் போய்விடுவார்கள்.

நாற்பத்தோராவது தடவை.
கண்ணாடிக்கு அப்பால் சால் வைன்ட்ராப்
மணியைக் காட்டினான். பதினொன்று.
இடது குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது.
வலதை வைத்தேன்.
இடதைக் கொஞ்சம் யோசித்து வைத்தேன்.
மனசில் பயங்கரம் ஒன்றும் இல்லை:
வாடகை பாக்கி பதினெட்டு டாலர்,
கிளெண்டேலுக்குக் கடைசி பஸ்,
ஐஸ்பெட்டியில் அரைக்கோழி, கெட்டிருக்குமோ.

டக்.
ட . . . க்.

சால் கையைத் தூக்கினான்.
முன்கை மயிர் நிமிர்ந்திருந்தது.
ஹெட்போனைக் கழற்றி
தன் முதுகுக்குப் பின்னால்
கதவைப் பார்த்தான்.
கதவு சும்மாதான் இருந்தது.

மறுநாள் ப்ரீச் கேட்டார்.
தொப்பியை எடுத்தார், மறுபடி வைத்துக்கொண்டார்.
ஹோல்முக்கு அடுத்த படத்தில் சம்பளம் ஏறியது.
எனக்கு சால்
ஒரு டப்பா பிளாஸ்திரி வாங்கிக் கொடுத்தான்.

பசடீனாவில் முன்னோட்டக் காட்சி. கடைசி வரிசை.
பெயர்கள் முதலிலேயே ஓடி முடிந்திருந்தன,
கையுறை தந்த கடைக்கும் ஒரு வரி.
ஏழாவது ரீல்.
அவள் விளக்கை அணைக்கிறாள்.
கீழிருந்து நான் வருகிறேன்.
எண்ணூறு வாய்
பாப்கார்னை மெல்லாமல் வைத்திருந்தது.
பக்கத்து இருக்கைப் பெண்மணி, முன்பின் தெரியாதவள்,
என் மணிக்கட்டை நகம் பதியப் பற்றி
"வர்றான்" என்றாள்.
அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
எப்படிச் சொல்ல?
எனக்கே முதுகு சில்லிட்டிருந்தது.
கோழியை நினைத்து நடந்த கால் இல்லை அது.
வெட்டி, ஒட்டி, இருட்டில் வைத்ததும்
வேறெவனுக்கோ முளைத்துவிட்டது.

கிளெண்டேலில் இறங்கும்போது பன்னிரண்டரை.
என் சொந்தக் காலணி, அளவு ஆறு.
முன்னால் ஒரு பெண், கையில் சாப்பாட்டுப் பெட்டி,
விமானத் தொழிற்சாலையில்
இரவு வேலை முடிந்திருக்க வேண்டும்.
கொப்புளம் ஆறி ஐந்து வாரம்,
நடை மட்டும் ஆறவில்லை.

டக்.
ட . . . க்.

அவள் தோள் இறுகியது.
திரும்பாமலே வேகம் கூட்டினாள்.
பயப்படாதே, நானும் பெண்தான் என்று கத்தலாம்.
நடுநிசியில் யார் கத்தினாலும்
கத்தல் கத்தல்தான்.
நின்றேன். குனிந்தேன்.
இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்தேன்.
நடைபாதை பகலின் சூட்டை
இன்னும் விடாமல் வைத்திருந்தது.

ஓசை நின்றதும்
அவள் ஓடத் தொடங்கினாள்.

குதியில் இரும்பு லாடம். காய்ந்த சிமெண்ட்.
மூலை திரும்பும் இடத்தில் ஒரு சறுக்கல்,
பெட்டிக்குள் கரண்டி உருளும் சத்தம்.

வெறுங்காலோடு நின்றுகொண்டு
எல்லாவற்றையும்
காதில் குறித்துக்கொண்டிருந்தேன்.