இடப்பக்க ஜிப்

தூக்கப்பையின் துணிச்சீட்டில் மூன்று எண்கள் இருக்கும்.
முதலாவது, ஒரு பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர்.
இரண்டாவது, ஓர் ஆண்
முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு
எப்படியோ விடியவைக்கும் குளிர்.
மூன்றாவதைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை.
ஆறு மணி நேரம் உயிர் போகாது,
அந்த எண் தரும் வாக்கு அவ்வளவே.
தூக்கம் என்ற பேச்சே அதில் கிடையாது.

ஜனவரி மூன்றாம் வாரம் சோல்வி வந்தாள்,
பழைய பையைக் கக்கத்தில் இடுக்கியபடி.
கக்கத்தில் அடங்கியது என்றாலே அதன் கதை முடிந்தது.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்:
தூவியெல்லாம் ஓரங்களில் கட்டிதட்டி
நடுவே வெறும் துணி.
"மெஷினில் போட்டுத் துவைத்தாயா?"
"ஹல்வார் போட்டான்."
அந்தப் பெயரை அவள் சொல்லிக் கேட்டு
எட்டு மாதம் ஆகிறது.
ரோரோஸ் சின்ன ஊர்.

ஃபெமுன்டன் ஏரிக்குப் போகிறாளாம்,
பனிக்கட்டியின் கனம் அளக்க, நான்கு இரவு.
மைனஸ் இருபத்தாறு என்கிறது வானொலி.
ஏரிமேல் இன்னும் நான்கு குறைத்துக்கொள்ள வேண்டும்
என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஐந்து பைகளை உதறிப் பரப்பினேன்.
தூவி எழும்பக் கொஞ்சம் பொறுக்க வேண்டும்,
பிசைந்த மாவு உப்புவதுபோல.
படுத்துப் பார்த்துத்தான் வாங்கணும் என்றேன்.
எல்லோரிடமும் சொல்வேன், யாரும் படுப்பதில்லை.
கையை உள்ளே விட்டு, முகர்ந்து,
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, போய்விடுவார்கள்.
அவள் பூட்ஸைக் கழற்றினாள்.
ஸ்கீ கட்டைகளுக்கும் கல்லாவுக்கும் நடுவே
கழுத்துவரை இழுத்து மூடிப் படுத்தாள்.

கால்மாட்டில் இடம் மிச்சமா என்று கேட்டேன்.
மிச்ச இடத்தையும் உன் உடம்புதான் சூடாக்கணும்.
பைக்கென்று சொந்தச் சூடு கிடையாது,
நீ போடுவதைத் திருப்பித் தரும், வட்டி இல்லாமல்.
"வட்டி யார் கேட்டது?" என்றது உள்ளிருந்து குரல்.

அடுத்துக் கேட்டது, சத்தியமாய், தொழில் பழக்கம்:
"ஜிப் இடமா, வலமா?"
ஓர் இடத்தையும் ஒரு வலத்தையும் கோத்தால்
இரண்டு பையும் ஒன்றாகிவிடும்.
ஜோடியாக வருபவர்களிடம் கேட்டே ஆகணும்.
பதினோரு வருஷம் முன்பு
அவளுக்கு இடமும் அவனுக்கு வலமும்
நானேதான் எடுத்துக்கொடுத்தேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பதில் இல்லை.
குனிந்து பார்த்தால், தூங்கிப்போயிருந்தாள்.
மூக்கு மட்டும் வெளியே.
கதவு மணி அடித்தது. ஸ்கீ மெழுகு கேட்டு வந்த பையன்
நான் உதட்டில் வைத்த விரலைப் பார்த்து
காசை ஓசைப்படாமல் வைத்துவிட்டு
அவளைச் சுற்றிக்கொண்டு போனான்.
ஐந்து மணிக்குக் கடையடைப்பு.
ஐந்தே முக்கால்வரை கணக்கு எழுதினேன்,
எழுத ஒன்றும் இல்லை, பென்சிலையாவது சீவினேன்.

எழுந்து உட்கார்ந்து, தலையில் ஒட்டிய ஒரு தூவியை
ஊதிவிட்டு, "இதையே கட்டு" என்றாள்.
"இது மைனஸ் பத்துக்கு. கடைக்குள்ளே
எதில் படுத்தாலும் தூக்கம் வரும்."
"வரும் என்று யார் சொன்னது?"
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் சிவப்பு நிறப் பை,
முதல் எண்ணே மைனஸ் முப்பத்திரண்டு.
விலை கேட்டு ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.
வீட்டில் சுருட்டி வைக்காதே,
அலமாரியில் தாராளமாகத் தொங்கவிடு என்றேன்.
"பாதி அலமாரி காலிதான்" என்று
கையுறையைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

பில்லில் எழுதக் கை போனது. மறுபடி கேட்க வேண்டியிருந்தது.
"இடம்" என்றாள்.
நான் நிமிர்ந்ததை அவள் கவனித்திருக்க வேண்டும்.
"நான் வலக்கைக்காரி. இருட்டில் திறக்க
இடப்பக்கம்தான் வசதி."

அது உண்மைதான்.
கம்பெனிப் புத்தகத்திலும்
அப்படித்தான் போட்டிருக்கிறது.