தண்ணீருக்கும் எனக்கும் தெரிந்த மேடு

சென்னை சமதரை என்கிறார்கள்.
சொல்கிறவர்கள் எல்லாம் நடக்கிறவர்கள்.

அயனாவரத்தில் எங்கள் தெருவுக்கு
ஒரு மேடு உண்டு.
மருந்துக்கடை வாசலில் தொடங்கி
ஆவின் பூத் வரைக்கும்
கண்ணுக்குப் படாமல் ஏறும்.
அது இரண்டு பேருக்குத்தான் தெரியும்:
ஐப்பசியில் வந்து போகிற மழைத்தண்ணீருக்கு,
தினமும் பால் வாங்கப் போகிற எனக்கு.

காலை ஐந்தே முக்கால்.
கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே
ஒரு பலகை நீளம்.
இடது காலை எடுத்து வைக்கிறேன்
தூங்கும் குழந்தையை எடுத்து வைப்பதுபோல.
சில நாள்,
எவனோ விட்டுப்போன மூட்டையைத்
தள்ளி வைப்பதுபோல.

திங்கட்கிழமை என்றால்
தேவசகாயம் பஞ்சர் கடையில் காற்று.
"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும் மேடம்.
இல்லன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்."
எனக்கும் அப்படித்தான், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
வலது டயரை மறுபடி அழுத்திப் பார்த்தார்.
பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.
வாங்கிக்கொள்கிறார் என்பதற்காகவே
அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.
முக்குப் பழக்கடைக்காரர்
போன வருஷம் ஒரு சாத்துக்குடியைச்
சும்மா மடியில் வைத்தார்.
வீட்டில் அது வாடுகிறவரை
யாரும் தொடவில்லை.

வங்கியில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள்.
சாய்தளத்தின் அடியில் ஒரு பைக்.
பைக்கின் மேல் ஒரு ஹெல்மெட்.
ஹெல்மெட்டுக்குச் சொந்தக்காரர்
டீ குடிக்கப் போயிருக்கிறார்.
அவர் வருவதற்குள்
என் டோக்கன் எண்ணை மூன்று முறை கூப்பிட்டு
அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்கள்.

"எப்படி மேடம்
எப்பவுமே பாசிடிவா இருக்கீங்க?"
அலுவலக லிஃப்டில் புதிதாய்ச் சேர்ந்த பெண் கேட்டாள்.
அந்த நிமிடம் நான்
காலையில் நிற்காமல் போன ஓர் ஆட்டோக்காரரின்
ஏழு தலைமுறையை மனதுக்குள்
வரிசையாய் வைதுகொண்டிருந்தேன்.
நான்காவது தலைமுறையில் இருந்தேன்.
அவளைப் பார்த்துச் சிரித்தேன்.
பொய்ச் சிரிப்பு இல்லை. இரண்டும் நிஜம்.

மூத்திரத் தொற்று வந்த வாரம்
ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.
அதையும் எழுதிவிட வேண்டும்.

சமநிலை பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்.
கே.கே. நகரில் பயிற்சிக்குப் போனபோது
முன்சக்கரங்களைத் தூக்கிப்
பின்சக்கரத்தில் நிற்கச் சொன்னார்கள்.
மூன்று முறை மல்லாந்து விழுந்து
மின்விசிறியில் ஒட்டடை எண்ணினேன்.
பிசியோ ஹமீதா சொன்னாள்:
"அசையாம நிக்கப் பார்க்காதீங்க. ஆடிக்கிட்டே இருங்க."
கொஞ்சம் முன்னே,
கொஞ்சம் பின்னே,
காய்க்காரர் தராசு மாதிரி.
நான்காவது முறை
உலகம் என் இரண்டு உள்ளங்கைக்குள்
ஆடிக்கொண்டே நின்றது.
இப்போது நடைபாதை விளிம்பை
அப்படித்தான் ஏறுகிறேன்.
பார்க்கிறவர்கள் "ஐயோ" என்கிறார்கள்.
அந்த "ஐயோ" முடிவதற்குள்
நான் மேலே இருப்பேன்.

பால் வாங்கிவிட்டேன்.
இரண்டு பாக்கெட், மடியில்.
அதன் குளிர் தொடைக்குத் தெரியாது.
உள்ளங்கையை வைத்து
நான்தான் அதற்குச் சொல்ல வேண்டும்:
ஜில்லென்று இருக்கிறது, இன்றைக்கு.

ஏறி வந்த மேடு
இப்போது என் பக்கம்.
பூத் தாண்டியதும்
சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிடுவேன்.
இஸ்திரி வண்டியின் கரிப்புகை,
யார் வீட்டிலோ வெந்தயம் வறுபடும் வாசனை,
குப்பைத்தொட்டி மேல் உட்கார்ந்து
எனக்கு வழிவிடாத காகம்.
எல்லாம் தாமாகவே பின்னால் போகும்.
தண்ணீர் போய்த் தேங்குகிற
மருந்துக்கடை வாசலில்
நானும் தானாக நிற்பேன்.

பதினோரு விநாடி.
பல முறை எண்ணியிருக்கிறேன்.

நேற்று மட்டும் பன்னிரண்டு.
தேவசகாயத்திடம் போக வேண்டும்.