இருபத்து நான்கு கிராம்

ஒரு கிலோ துவரம்பருப்பைத்
தராசு சொல்வதற்கு முன்
என் மணிக்கட்டு சொல்லிவிடும்.
வியாசர்பாடி ரேஷன் கடையில்
பதினாறு வருடமாக நிறுத்துப் போடுகிறவள் நான்.

தை மாசம் வீட்டுக்கு வந்தது
எனக்குப் பிடிபடாத ஓர் எடை.
கறுப்பு டப்பா, சின்னக் குடம் போல.
இரண்டாயிரத்து எண்ணூறு, இரண்டு தவணை.
மாவுக்குள் புதைந்த கரண்டியைத் தேடி
முழங்கை வரை விட்டு எடுத்தேன்.
"சித்தாள் வேலைக்குப் போறியா?" என்றார் சடகோபன்.
பதினெட்டு வருடம் கட்டிக்கொண்டு வாழ்ந்தவரின்
சந்தேகம் அவ்வளவுதான்.

எல்லாம் அந்த மூட்டையால் வந்தது.
ஐப்பசி மழை கடைக்குள் ஏற,
அரிசியை மேல்தட்டுக்குத் தூக்கப் போய்
பாதியில் கை விட்டது.
ஐம்பது கிலோவும் சாக்கடைத் தண்ணீரில் ஊறியதை
வரிசையே நின்று பார்த்தது.

கணேசபுரம் சுரங்கப்பாலம் தாண்டி
பிரஸ்ஸுக்கு மேல்மாடியில் ஜிம்.
பெண்களுக்கு அஞ்சரையிலிருந்து ஆறரை.
கீழே கல்யாணப் பத்திரிகை அச்சாகும் சத்தத்துக்கு
மேலே நாங்கள் குனிந்து நிமிர்வோம்.
ஸ்டெஃபி, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே அதட்டுவாள்.
"தூக்கும்போது தசை வளராதுக்கா, கிழியும்.
தூங்கும்போதுதான் தைக்கும்.
தைக்க நூல் வேணும்ல?"

நூல் என்றது இந்த மாவை.
பால் திரிந்தால் தெளிந்து நிற்குமே
அந்தத் தண்ணீரிலிருந்து எடுப்பதாம்.
கரண்ட் போன எத்தனை ராத்திரிப் பாலை
வடிகட்டிக் கொட்டியிருக்கிறேன்,
பக்கிங்ஹாம் கால்வாய் இந்நேரம்
பயில்வான் ஆகியிருக்கும்.

ஒரு கரண்டிக்குள் இருபத்து நான்கு கிராம்.
முட்டை என்றால் நாலு.
பருப்பு என்றால் நூறு கிராமுக்கு மேலே.
சும்மா இருந்திருக்கலாம், கணக்குப் போட்டேன்:
ஒரு கார்டுக்கு ஒரு கிலோ,
நாலு பேர், முப்பது நாள்.
ஆளுக்கு எட்டு கிராம் பருப்பு.
என் தராசில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம் என்றது.

கிட்னி போயிடும் என்றாள் எதிர்வீட்டு சகாயமேரி.
மீசை முளைக்கும் என்றாள் அவள் நாத்தனார்.
ரத்தம் கொடுத்துப் பார்த்தேன்.
தண்ணி நிறைய குடிங்க என்றார் டாக்டர், அவ்வளவுதான்.
முதல் வாரம் வயிறு உப்பியது.
இரண்டாம் வாரம் எதுவுமே நடக்கவில்லை.
ஒருநாள் ரவிக்கையின் கை
இறுக்கிப் பிடித்தது.

மாசியில் டப்பா தீர்ந்தது.
அடுத்ததற்குப் பணம் இல்லை; ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது.
ஊறவைத்த கொண்டைக்கடலை, மீல்மேக்கர்,
இரண்டு முட்டை, மீந்த நெத்திலி.
பயந்துதான் கம்பியைத் தொட்டேன்.
கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.
நூல் எந்தக் கடையுது என்று
கிழிந்த துணி கேட்குமா?

பங்குனியில் லாரி வந்தது.
சுமைதூக்கும் எட்டியப்பனைக் காணோம்.
குந்தி, மூச்சை வயிற்றில் கட்டி,
மூட்டையை மேல்தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.
ஒருவரும் பார்க்கவில்லை.
"சீக்கிரம் போடும்மா, குக்கர் வெச்சுட்டு வந்திருக்கேன்"
என்றது வரிசை.

ஒரே ஒரு தொந்தரவு.
இப்போதெல்லாம் மணிக்கட்டு பொய் சொல்கிறது.
ஒரு கிலோவை முக்கால் என்கிறது.
அன்று தராசைப் பாராமல்
முதல் கார்டுக்காரியின் பையில் கொட்டிவிட்டேன்,
ஒரு பிடி பருப்பு கூடப் போயிருக்கும்.

அவள் தெருமுனை திரும்பும் வரை
நான் கூப்பிடவில்லை.