கணக்கில் வராதவை

பள்ளத்தூரில் அறுபதாங் கல்யாணம். எழுநூறு இலை.
கொள்முதல் நோட்டு என் கையில்.
குங்குமப்பூ இருபது கிராம்:
விலையை எழுதிவிட்டு
புள்ளி தப்பாய் விழுந்ததோ என்று
இன்னொரு தடவை பார்த்தேன்.
ஈரான் பிஸ்தா. பெயர் வாயில் நுழையாத ஒரு பருப்பு.
விமானம் ஏறி வந்த நீலப் பழம்,
ஒன்றைக் கடித்துப் பார்த்தேன்;
களாக்காய்க்காவது பல் கூசும்.

பின்கட்டில்
அரிசி கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகுமுன்
ஒரு குண்டான் பிடித்துவைத்தேன்.
நறுக்கியவர்கள் ஒதுக்கிய வெண்டைக்காய்,
ஒரு கை மொச்சை,
நெல்லிக்காயளவு புளி,
நாலு மிளகாய் கிள்ளிப்போட்டு
ஒரு மண்டி.
தூக்குவாளியில் வீட்டிலிருந்து கேப்பைக் களி.

பாதாம் அல்வாவை விரல் நுனியால் தொட்டு
"பதம் சரி" என்று சொல்லிவிட்டு
விரலைத் துண்டில் துடைத்தபடி வந்தார் வயிரவன் அண்ணன்,
முப்பது வருஷமாய் ஊருக்கெல்லாம் விருந்து வைக்கிறவர்.
காலையில் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு.
கவிழ்த்த எண்ணெய் டின்னில் உட்கார்ந்தார்.
"அடைக்கலம், எனக்கும் ரெண்டு கை போடு."

மூன்றாவது தடவையும் ஊற்றச் சொன்னார்.
கை கழுவும்போது மட்டும்
குரலைத் தாழ்த்தினார்:
"நோட்டுல ஏத்திடாதே, சிரிப்பானுக."

எப்படி ஏற்றுவது?
கழுவிய தண்ணீருக்கு
எந்தப் பத்தியில் என்ன விலை போட?

ராத்திரி கணக்கு முடித்துக் கிளம்பும்போது
அல்வாவில் ஒரு துண்டு
இலையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.
அதையும் எழுதவில்லை.