விடு பிழை

வந்தது வரவு, போனது செலவு.
வியாசர்பாடியில் இதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.
பி.காம் முதலாண்டு, இரண்டாம் ஷிப்டு, பதினொன்றாம் அறை.
மின்விசிறிக் கத்தலுக்கு மேலே குரலை ஏற்றி
ஜெபக்கனி சார் சொன்னார்:
உள்ளே வருவதைப் பற்று வை.
வெளியே செல்வதை வரவு வை.

"சார், தலைகீழா இருக்கே" என்றாள் பெனாசிர்.
"எழுத எழுத நேராயிடும்" என்று
போர்டைத் துடைக்கப் போய்விட்டார்.
எனக்கு நேராகவில்லை.
நோட்டு ஓரத்தில் பற்று, பற்று என்று எழுதிப் பார்த்தேன்.
ராத்திரி வண்டியடியில்
பத்துப்பாத்திரம் தேய்க்கும்போதுதான் புரிந்தது:
சட்டிக்குள் வந்தது எதுவும்
கொஞ்சம் ஒட்டாமல் போவதில்லை.

அம்மாவுக்கு பர்மா காலனி முனையில் அத்தோ வண்டி.
ஆரஞ்சு நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர்,
கையால் நொறுக்கிப் போடும் பேஜோ.
கணக்கெல்லாம் தினசரி காலண்டர் தாளின் முதுகில்.
பரீட்சைக்குப் பழக, ஒரு மாதத் தாளை வாங்கிக்கொண்டேன்.

"தொழில் வேற, முதலாளி வேறம்மா.
பாடத்துல முதல் விதியே அதான்."
"இன்னாடி சொல்ற? எனக்குக் காய்ச்சல் வந்தா
வண்டிக்கும்தானே லீவு?"
அன்று டப்பாவிலிருந்து மாத்திரைக்கு ஐம்பது எடுத்தாள்.
'எடுப்புகள்' என்று எழுதினேன்.
எட்டிப் படித்துவிட்டு
திருடி என்று நான் சொல்லிவிட்டதுபோல் பார்த்தாள்.
அந்தச் சொல்லுக்கு வேறு சொல்
பாடப் புத்தகத்தில் இல்லை.

மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிய வாரம்.
கல்லூரிக்குச் சுற்றிப் போய், சுற்றி வந்து,
ஈரப் பையிலிருந்து பேரேட்டை எடுத்து
இருப்பாய்வு போட்டால்
பற்றுப் பக்கம் இருநூற்று எழுபது கூட.

அனாமத்தில் தள்ளிவிட்டுத் தூங்கு என்று
பெனாசிர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.
மனசு கேட்கவில்லை.
வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்
எண் எங்கோ இடம் மாறியிருக்கும்.
இரண்டும் ஏழும் ஒன்பது.
தாள் தாளாகப் புரட்டினேன்.
பத்தொன்பதாம் தேதி, எண்ணெய்க் கறைக்கடியில்,
கோஸ் 360.
என் கையெழுத்தில் அது 630.
ஆறும் மூன்றும் இடம் மாறியதற்கு
இரண்டு மணி நேரம்.
இவ்வளவு சந்தோஷமாக நான்
எந்தத் தப்பையும் கண்டுபிடித்ததில்லை.

அடுத்து கடனாளிகள்.
ட்ரெய்லர் ஓட்டும் கலியமூர்த்தி,
ஆயிரத்து நூற்று நாற்பது.
தீபாவளிக்கு முன் வந்தவர். போன் அணைந்திருக்கிறது.
புதுக் கணக்கு திறந்தேன்: வாராக்கடன்.
அம்மா கரண்டியை வைத்தாள்,
கையைத் துடைத்தாள், பேனாவை வாங்கினாள்,
'வாரா'வை மட்டும் அடித்தாள்.
"மணலி யார்டுல லோடு நிக்குதாம். வந்துடுவான்."
மீதி நின்றது: கடன்.
அதைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டேன்.

இரண்டு பக்கமும் 61,480.
அடியில் இரட்டைக் கோடு,
ஸ்கேல் வழுக்காமல்.

நாளைய டெஸ்டுக்குக் கடைசிப் பக்கம் பாக்கி:
இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள்.
அதில் ஒன்று விடு பிழை.
பற்றிலும் வராது, வரவிலும் வராது,
அடியோடு விட்டுப்போனது.
கூட்டல் எப்போதும் சரியாகவே இருக்கும்.

படித்துக்கொண்டே தலை தூக்குகிறேன்.
ட்யூஷன் பையை முதுகில் சுமந்த பையன்
ஒரு பேஜோ மட்டும் வாங்கிக்கொண்டு
வாழைத்தண்டு சூப்புக்கு
மூன்றாம் முறையாகக் கிண்ணத்தை நீட்டுகிறான்.
சூப்புக்குக் காசு கிடையாது. எப்போதும் கிடையாது.
தாள்களில் அது ஒரு நாளும் இல்லை.
அம்மா மிளகைக் கொஞ்சம் கூடத் தூவி
விளிம்பு வரைக்கும் ஊற்றுகிறாள்.

நான் புத்தகத்தைப் பார்க்கிறேன்,
பையன் ஊதி ஊதிக் குடிக்கிறான்.