ஒன்பது பேர் சிரித்தார்கள்

பீடோரில், டயர் கடைக்கு மேல்மாடி.
மத்தியானம் ரப்பர் வாடை படியேறி வரும்;
மரத்துப் பால் வாடை இல்லை, லோரிச் சக்கரத்து வாடை.
இடம் ஒன்றே ஒன்று. முழுச் செலவும் அறவாரியம் ஏற்கும்.
எங்கள் வட்டாரத்திலிருந்து ஒரு பெயர்தான் மேலே போகலாம்.
வந்தவை பதினேழு.

மதிப்பெண்ணை வேறு யாரோ பார்க்கிறார்கள்.
நான் பார்ப்பது மற்றதை:
நடுராத்திரியில் என்ன எழுதினார்கள்,
யார் கல்யாணத்தில், எந்தக் கையில், என்ன கிளாஸ்.
தலைக்கு எட்டு ரிங்கிட்.
பச்சை, மஞ்சள், சிவப்பு, கட்டத்தை நிரப்பு,
காரணம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம் என்றார் செயலாளர்.

தர்ஷாயினி த/பெ குப்பன். பூனைகள், பூனைகள்,
நடுவில் அப்பாவின் கையில் டயாலிசிஸ் தழும்பு.
பச்சை.
யுகேஸ்வரன் முந்தாநாள்தான் எல்லாவற்றையும் அழித்திருக்கிறான்.
கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில்
ஈரம் இன்னும் தெரிகிறது.
மஞ்சள்.

பதினோராவது லோகமித்திரன்.
ஐந்து வருடம் கீழே இறங்கினேன், கட்டைவிரல் மரத்துப்போனது.
அப்போது அவனுக்குப் பதினைந்து.
செம்பனைத் தோட்டத்து லயத்தில் மூன்று நாளாய்த் தண்ணீர் இல்லை.
மானேஜர் பங்களாவில் காரைக் கழுவுகிற குழாயின் படம்.
அதன் கீழே ஒரே ஒரு வார்த்தை.
அதை இங்கே எழுத மாட்டேன்.
மானேஜரைப் பெற்றவளைப் பற்றியது.
அந்தக் கம்பெனி அச்சடித்துக் கொடுத்த காலண்டர்தான்
என் தலைக்கு மேலே தொங்குகிறது.

ஒன்பது பேர் சிரித்திருந்தார்கள்.
யார் யாரென்று தொட்டுப் பார்த்தேன், கோப்புக்கு வேண்டுமே.
ஆறாவது முகம் என்னுடையது.
அப்போது வெட்டியிருந்த முடி,
பசார் மாலாமில் பேரம் பேசி வாங்கிய கண்ணாடி.

ஞாபகமே இல்லை எனக்கு.
ஆனால் அந்த மூன்று நாளும்
வாளியோடு தண்ணீர் லோரிக்கு நின்றவள் நான்.
சிரித்திருப்பேன்.
பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்திருப்பேன்.

கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கிறார்கள்.
என் சிரிப்பின் மேல் விரலை வைத்து அழுத்தினேன்.
எட்டு.

அதற்குப் பிறகுதான் படம் பிடித்தேன்.
‘தகாத சொல். எட்டு பேர் ஆமோதித்துள்ளனர்.’
ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

பன்னிரண்டாவது பெயரைத் திறந்தேன்.
அவளும் எங்கள் லயம்தான்.